குறை சொல்லத் தெரிந்தவள்

அத்தியாயம் 11

போன வாரம் சின்னவளைத் தூக்கம் வராமல் புரள விட்டுவிட்டு வந்துவிட்டோம். அவள் தூங்கவே இல்லை என்பதைக் காலையில் அவள் போட்ட டீ சொன்னது. சர்க்கரை இரண்டு தடவை விழுந்திருந்தது.

ஒரு வருஷமாக அவள் துணைத் தலைமை ஆசிரியை. ஆனால் பதவிக்குப் பின்னால் 'பொறுப்பு' என்று ஒரு வால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாலை வெட்டுவதா, ஆளையே மாற்றுவதா என்று பார்க்க இன்றைக்கு மதிப்பீட்டு அதிகாரி வருகிறார். நாள் முழுக்க அவள் பின்னாலேயே நடப்பார். அவருக்குத் திருப்தி என்றால் பதவி நிரந்தரம். இல்லையென்றால் அவள் பழையபடி அறிவியல் டீச்சர், அந்த நாற்காலிக்கு வெளியிலிருந்து ஆள் வரும்.

'இவளுக்குப் பதவி ஆசையா?' என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருந்தார். ஆமாம், ஆசைதான். ஒரு வேலை நன்றாக வருகிறது என்று தெரிந்தபின் அதன்மேல் ஆசை வைப்பதில் என்ன வெட்கம் என்று எனக்குத் தெரியவில்லை.

அவளை உறுத்துவது ஆசை இல்லை, பெரியவள்தான்.

பெரியவள் அவளுடைய ஓரகத்தி. கணவர் கப்பலில் வேலை பார்ப்பதால், வருஷத்தில் பாதி நாள் கொழுந்தன் வீட்டில்தான் இருப்பாள். அதே பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சின்னவளைவிட எட்டு வருஷம் கூடுதல் அனுபவம். அந்த நாற்காலி அவளுக்குத்தான் என்று ஊரே நினைத்திருக்க, அது சின்னவளுக்கு வந்தது. பெரியவள் அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை என்று சின்னவளுக்குத் தோன்றும்.

முன்னறையில் அவள் கணவன் வேலையில் இருந்தான். அவன் பல் செட் செய்கிறவன். மேஜை மேல் ஒரு தாடை வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தது.

"காலங்கார்த்தால இது யாரோடது?" என்றாள் சின்னவள்.

"ஒரு வக்கீலோடது. மத்தியானம் கேஸாம். பல்லு இல்லாம எப்படி வாதாடறதுன்னு கேக்கறார்." அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "நீ ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கே? தினமும் செய்யறதைத்தானே இன்னைக்கும் செய்யப் போறே?"

"தினமும் ஒருத்தர் பின்னாடியே நின்னு பாக்கறதில்லையே."

பெரியவள் கைப்பையை மாட்டிக்கொண்டு வந்தாள். முகத்தில் ஒரு மர்மமான திருப்தி. "கிளம்பலாமா? நீ தைரியமா வா. இன்னைக்கு ஸ்கூல்ல ஒண்ணும் நடக்காது."

"ஒண்ணும் நடக்காதுன்னா?"

"நடக்காதுன்னா நடக்காது."

இரண்டு பேருக்கும் ஒரு ஒப்பந்தம் உண்டு. சின்னவள் பொறுப்பேற்ற அன்றைக்குப் பெரியவள் போட்டது. வீட்டு விஷயம் பள்ளிக்கூடக் கேட்டுக்கு வெளியே, பள்ளிக்கூட விஷயம் கேட்டுக்கு உள்ளே. வீட்டிலிருந்து இருவரும் சேர்ந்து பேசிக்கொண்டு வருவார்கள். தையல் கடை முனை வந்ததும் பெரியவள் நின்றுவிடுவாள். சின்னவள் முன்னால் போக, கொஞ்சம் இடைவெளி விட்டுப் பெரியவள் வருவாள். கேட்டுக்குள் நுழைந்துவிட்டால் 'அக்கா' கிடையாது, 'நீ' கிடையாது. 'டீச்சர்', 'மேடம்'தான். சாயங்காலம் அதே முனையில் ஒருத்திக்காக ஒருத்தி காத்திருந்து, மறுபடி ஓரகத்திகளாகி வீடு திரும்புவார்கள். ஒரு வருஷத்தில் இந்த ஒப்பந்தம் ஒரு நாள்கூட மீறப்படவில்லை.

அதிகாரி ஏற்கெனவே வந்து அவள் அறையில் உட்கார்ந்திருந்தார். முன்பு வேறொரு பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தவர். ஒல்லியான மனிதர், சிரிப்பதற்கு யாரிடமோ அனுமதி கேட்டுக் காத்திருப்பவர் போன்ற முகம். அவர் வந்த கொஞ்ச நேரத்திலேயே ஆசிரியர் அறையில் அவருக்கு உம்மணாமூஞ்சி என்று பெயர் சூட்டியாகிவிட்டது.

"நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். நீங்க உங்க வேலையைப் பாருங்க," என்றார்.

சின்னவள் வேலைக்காகக் காத்திருந்தாள்.

வேலை வரவில்லை.

சாதாரண நாளில் அந்த அறை வாசல் சந்தைக்கடை. தாமதமாக வந்த பிள்ளைகள், லீவு சொல்லும் ஆசிரியர்கள், அந்த லீவினால் அனாதையான வகுப்புகள், தண்ணீர் பாட்டில் காணாமல் போன ஒரு குழந்தை, அதை எடுத்துவிட்டு இல்லையென்று சாதிக்கும் இன்னொரு குழந்தை, கோபமாக வரும் ஒரு பெற்றோர். இன்றைக்கு அறை காற்று வாங்கியது. ஒருவரும் லீவு போடவில்லை. ஒரு பிள்ளைகூடத் தாமதமாக வரவில்லை. வராந்தாவில் நடந்தவர்கள்கூட அறையைத் தாண்டும்போது பூனை மாதிரி நடந்தார்கள்.

சின்னவள் மேஜையைத் துடைத்தாள். நேராக இருந்த நாற்காலியை நேராக்கினாள். அதிகாரியின் பேனா மூடியோடு அப்படியே சட்டைப் பையில் இருந்தது.

"எப்பவும் இப்படித்தானா?" என்றார் கடைசியில்.

"இல்லை சார். இப்படி ஒரு நாளை நான் பார்த்ததே இல்லை."

"நானும் பார்த்ததில்லை. ஒண்ணும் நடக்காத நாளுக்கு நான் என்ன மார்க் போடறது?"

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. 'நடக்காதுன்னா நடக்காது.' இது பெரியவளின் ஏற்பாடு. ஆசிரியர்கள் எல்லோரையும் பிடித்து, இன்றைக்கு ஒரு தொந்தரவும் மேடத்தின் வாசலுக்குப் போகக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டிருக்கிறாள். அன்பில் செய்த காரியம்தான். தொந்தரவைத் தீர்ப்பதற்காகவே இருக்கிற ஒரு பதவியை, தொந்தரவே இல்லாமல் உட்கார வைத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறாள். நீச்சல் போட்டி அன்றைக்குக் குளத்தை வற்றவைத்த கதை.

அதிகாரி எழுந்து சுவரில் இருந்த கால அட்டவணையின் முன் நின்றார். "சரி, ஒரு வகுப்பைப் போய்ப் பார்க்கலாம். அப்புறம் அந்த டீச்சர்கிட்ட நீங்க என்ன பேசறீங்கன்னு நான் கேக்கணும். துணைத் தலைமையோட பாதி வேலை அதுதான்." விரலை ஒரு கட்டத்தில் வைத்தார். "ஆறாம் வகுப்பு, கணக்கு."

சின்னவள் அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். அது பெரியவளின் வகுப்பு.

"சார், ஒண்ணு சொல்லிடறேன். அவங்க என் ஓரகத்தி. ஒரே வீட்டுல இருக்கோம்."

அவர் முதல் முறையாக அவளை உற்றுப் பார்த்தார். மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை என்பது அவருக்குப் புரிந்தது. "அப்ப அதைத்தான் பார்க்கணும்," என்றார்.

வகுப்பின் கடைசி பெஞ்சில் இருவரும் போய் உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் நாற்பது பேரும் பொம்மைக் கடை பொம்மைகள்போல் உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகையில் 'பின்னங்களைக் கூட்டுதல்' என்று அழகான கையெழுத்து.

பெரியவள் நல்ல டீச்சர். நான் சொல்லவில்லை, அவளிடம் படித்த பிள்ளைகள் சொல்வார்கள். ஆனால் கடைசி பெஞ்சில் உம்மணாமூஞ்சியைப் பார்த்ததும் அவளுக்கு நாக்கு உலர்ந்துவிட்டது.

"பிள்ளைங்களா, காலும் காலும் கூட்டினா எவ்வளவு?"

முன் பெஞ்சில் கண்ணாடி போட்ட பையன் சட்டென்று எழுந்தான். "ஆறில் ஐந்து, டீச்சர்."

"வெரி குட்," என்றாள் பெரியவள். "அரையும் மூணில் ஒண்ணும் கூட்டினா?"

அடுத்த பெஞ்சுச் சிறுமி கணீரென்று சொன்னாள். "அரை, டீச்சர்."

"வெரி..." என்று ஆரம்பித்த பெரியவளின் முகத்தில் ஈயாடவில்லை.

நடந்தது இதுதான். நேற்றே கேள்விகளையும் பதில்களையும் சொல்லிக்கொடுத்து, யார் எப்போது எழவேண்டும் என்று ஒத்திகை பார்த்தாகிவிட்டது. பயத்தில் பெரியவள் இரண்டாவது கேள்வியை முதலில் கேட்டுவிட்டாள். பிள்ளைகள் சொன்ன சொல் தவறாமல் தங்கள் வரிசைப்படியே பதில் சொன்னார்கள். பாராட்டும் வரிசைப்படியே வந்துவிட்டது.

அந்த அமைதியில் ஜன்னலோரம் ஒரு சிறுமி கையைத் தூக்கினாள்.

"டீச்சர், நான் நேத்து வரலை. காலும் காலும் சேர்ந்தா அரைதானே? அது எப்படி அரையைவிடப் பெரிசா ஆகும்?"

பெரியவள் ஒரு கணம் அவளையே பார்த்தாள். பிறகு கடைசி பெஞ்சைப் பார்த்தாள். "நீ உட்காரு. அப்புறம் சொல்றேன்."

சிறுமி உட்கார்ந்தாள்.

மணி அடித்ததும் மூவரும் ஆய்வகத்தை ஒட்டிய சின்ன அறைக்குப் போனார்கள். அதிகாரி மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். பெரியவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கையிலிருந்த சாக்பீஸைப் பொடியாக்கிக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தில் சின்னவள் என்ன சொல்லியிருக்கலாம் என்று யோசித்துப் பாருங்கள். 'பதற்றத்தில் வரிசை மாறிவிட்டது, மற்றபடி அருமை' என்றால் வீட்டில் நிம்மதி. மூத்தவள், தனக்காகவே ஊரைக் கூட்டி நாடகம் போட்டவள், அவளை ஒரு அந்நியர் முன்னால் எப்படிக் குறை சொல்வது? இன்றைக்குச் சொன்னால், நாளைக்கு ஒரே அடுப்படியில் எப்படி நிற்பது? ஆனால் சின்னவளின் கண்முன் உட்காரச் சொல்லப்பட்ட அந்தச் சிறுமியே நின்றாள்.

"வகுப்பு எப்படிப் போச்சுன்னு முதல்ல நீங்க சொல்லுங்க, டீச்சர்."

"அதான் பார்த்தீங்களே, மேடம். கேள்வி முன்ன பின்ன ஆயிடுச்சு."

"வரிசையைப் பத்தி நான் கேக்கலை. இன்னைக்கு அந்த வகுப்புல யார் கணக்குப் போட்டாங்க?"

பெரியவளின் கை சாக்பீஸை இன்னும் வேகமாக நசுக்கியது.

"நாப்பது பேர்ல ஒருத்தி போட்டா, டீச்சர். பதில் சரியில்லைன்னு அவளுக்குத் தெரிஞ்சது. ஏன் சரியில்லைன்னும் தெரிஞ்சது. எல்லார் முன்னாடியும் எழுந்து கேக்கற தைரியமும் இருந்தது. அவளை நீங்க உட்கார வச்சிட்டீங்க."

சாக்பீஸ் முழுக்கப் பொடியாகிவிட்டது.

"எனக்காகத்தான் இவ்வளவும் செஞ்சீங்கன்னு தெரியும்," என்றாள் சின்னவள். குரல் லேசாக நடுங்கியது. அவள் அதை மறைக்கவில்லை. "அதுக்கு நன்றியும் சொல்றேன். ஆனா அந்தப் பொண்ணு எனக்காக ஸ்கூலுக்கு வரலை. இனிமே அவ கையைத் தூக்கத் தயங்கினா அது நம்ம ரெண்டு பேர் தப்பு. நாளைக்கு அவளோட கேள்வியிலேயே பாடத்தை ஆரம்பிங்க. அவ பேரைச் சொல்லி ஆரம்பிங்க. நாலாவது பீரியட் நான் வந்து உட்கார்றேன்."

பெரியவள் தலையை ஆட்டினாள். கண் கலங்கியிருந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனாள்.

அதிகாரியின் பேனா மூடி எப்போதோ திறந்திருந்தது.

சின்னவள் அங்கிருந்து நேராக ஆசிரியர் அறைக்குப் போனாள். எல்லோரும் அப்போதுதான் சாப்பாட்டுப் பாத்திரங்களைத் திறந்திருந்தார்கள்.

"எனக்காக இன்னைக்கு யாரும் எதையும் மறைக்க வேண்டாம். எது இருக்கோ, அது வாசலுக்கு வரட்டும்," என்றாள்.

அணை உடைந்தது.

மாடிக் குழாய் காலையிலேயே உடைந்திருக்கிறது. துணியைச் சுற்றிச் சமாளித்திருக்கிறார்கள். அது இப்போது வராந்தாவைக் குளமாக்கிக்கொண்டிருந்தது. ஓவிய ஆசிரியர் காய்ச்சலோடு வந்து, காய்ச்சலோடு பாடம் எடுத்து, காய்ச்சலோடு சிரித்துக்கொண்டிருந்தார். இசை டீச்சரும் விளையாட்டு ஆசிரியரும் பெரிய கூடத்துக்காகக் காலையிலிருந்தே சைகையில் சண்டை போட்டிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மகளை ஓட்டப் பந்தய அணியில் சேர்க்கவில்லை என்று கேட்க வந்த ஒரு தகப்பனாரைக் காவல்காரர் வெயிலில் நிறுத்தியே வைத்திருந்தார்.

தன் வேலை தெரிந்தவர்கள் வேலை செய்வதை எங்கே பார்த்தாலும் நான் நின்று பார்ப்பேன். அன்று பிற்பகல் சின்னவளைப் பார்க்க வேண்டும்.

ஓவிய ஆசிரியரை முதலில் வீட்டுக்கு அனுப்பினாள். நடந்துகொண்டே அவருடைய வகுப்புகளை மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்தாள். நேற்றே கூடுதல் வகுப்பு எடுத்தவர் யார் என்பது அவள் நினைவில் இருந்தது, அவரை அந்த மூன்று பேரில் சேர்க்கவில்லை. கூடத்துச் சண்டையைத் தீர்க்க இருவரையும் ஒன்றாகக் கூப்பிடவில்லை. தனித்தனியாகக் கேட்டாள், இரண்டு பேருக்கும் உண்மையில் பாதிப் பாதி நேரம்தான் தேவைப்பட்டது. தகப்பனாரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அவர் கோபம் தீரும்வரை குறுக்கே பேசாமல் கேட்டாள். விளையாட்டு ஆசிரியருக்காகச் சப்பைக்கட்டுக் கட்டவில்லை. கூப்பிட்டு விசாரித்தாள். அந்தப் பெண் தேர்வு அன்றைக்கு ஊரில் இல்லை, மறுபடி ஓட விட மறந்துபோயிருக்கிறார்கள்.

"தப்பு எங்களோடதுதான். நாளைக்கு ஓடட்டும். ஜெயிச்சா அணியில இருப்பா. ஜெயிக்கலைன்னா இருக்க மாட்டா. சரிதானே?" என்றாள்.

கத்த வந்தவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

உம்மணாமூஞ்சி ஈரமான வராந்தாவில் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு அவள் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தார். பேனா மூடி எங்கேயோ விழுந்து தொலைந்துவிட்டது.

கடைசி மணிக்கு முன்னால் அவர் ஒன்று சொன்னார். "உங்க கீழே வேலை செய்யறவங்கள்ல ஒருத்தரைத் தனியா கேக்கணும். அது விதி. அந்தக் கணக்கு டீச்சரைக் கூப்பிடுங்க."

கதவு சாத்தப்பட்டது. சின்னவள் வெளியே நின்றாள். காலையில் தன்னிடம் அடிபட்டவளின் கையில் தன் வேலை இருக்கிறது என்பது அவளுக்கு நன்றாகப் புரிந்தது. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமானால் எடுத்துக்கொள்வாளா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். எடுத்துக்கொள்ள மாட்டாள். அது அவளுக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

அன்று சாயங்காலம் தையல் கடை முனையில் பெரியவள் காத்திருக்கவில்லை.

வீட்டில் இருவரும் அடுப்படியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேலை செய்தார்கள். பாத்திரங்கள் மட்டும் பேசிக்கொண்டன. முன்னறையிலிருந்து எட்டிப் பார்த்த கணவன், நிலைமையைப் புரிந்துகொண்டு மறுபடி தாடைகளிடமே போய்விட்டான். சாப்பிட உட்கார்ந்தபோது அவனுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணி, வக்கீல் கேஸ்ல ஜெயிச்சிட்டாராம்," என்றான் பொதுவாக.

"பல்லு நல்லா அமைஞ்சிருக்கும்," என்றாள் பெரியவள். பிறகு தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சின்னவளைப் பார்த்தாள்.

"ஒரு வருஷமா நீ என் மூஞ்சியைப் பார்த்துப் பார்த்து மருகறதை நான் பாக்காம இல்லை. இந்தப் பதவியை முதல்ல என்னைத்தான் கேட்டாங்க."

சின்னவளின் கை அப்படியே நின்றது.

"நான்தான் வேண்டாம்னேன். தியாகம் அது இதுன்னு நினைச்சுக்காதே. யார் மூஞ்சிக்கு நேராவும் எனக்குக் குறை சொல்ல வராது. சொல்ல வேண்டிய இடத்துல சிரிச்சு மழுப்பிடுவேன். அந்த நாற்காலிக்கு அது ஆகாது. எங்க வீட்டுல ஒருத்தி இருக்கா, அவளுக்கு வரும்னு உன் பேரைச் சொன்னேன். அந்தக் குணம் என் மேலேயே பாயும்னு அப்ப யோசிக்கலை."

"அக்கா..."

"இரு, முடிக்கலை. வலிச்சுது. இன்னைக்கு முனையில நிக்க முடியலை, அழுதுகிட்டே வந்துட்டேன். ஆனா நீ சொன்னதுல ஒரு வார்த்தை தப்பில்லை." பெரியவள் தண்ணீர் குடித்தாள். "கதவைச் சாத்திட்டு அந்த ஆளு என்ன கேட்டார் தெரியுமா? உன்கிட்ட என்ன குறைன்னு கேட்டார். ஒண்ணுமில்லைன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த ஜன்னலோரப் பொண்ணு ஞாபகம் வந்துட்டா. உன்கிட்ட ஒரு குறை இருக்கு. ரொம்ப நாளா எனக்குத் தெரியும். சொல்லிட்டேன்."

கணவன் மெல்வதை நிறுத்திவிட்டான்.

"என்ன சொன்னீங்க?" என்றாள் சின்னவள். "அதை எழுதிக்கிட்டாரா?"

"எழுதிக்கிட்டார். முடிவை யோசிச்சுத்தான் சொல்லணும்னார்."

"என்ன குறை, அக்கா?"

"அது ஸ்கூல் விஷயம். கேட்டுக்கு உள்ள சொல்றேன். நாளைக்கு நாலாவது பீரியட் வருவேல்ல? அது முடிஞ்சதும் அதே ரூம்ல உட்காருவோம்."

"எனக்காவது சொல்லுங்க அண்ணி," என்றான் கணவன்.

"உனக்கு அந்த ஸ்கூல்ல என்ன வேலை?" பெரியவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அக்கா," சின்னவள் அவள் கையைப் பிடித்தாள். ஒரு வருஷமாக ஊருக்கெல்லாம் குறை சொன்னவளுக்கு, தன் குறைக்காக ஒரு ராத்திரி காத்திருப்பது எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரிந்தது. "ரொம்பப் பெரிசா?"

பெரியவள் தன்னைப் பிடித்திருந்த கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"பெரிசுதான். ஆனா நீ தாங்குவே. அதையும் அவர்கிட்ட சொல்லியிருக்கேன்."